செங்கோணத்தில் உட்கார்ந்த மனிதன்

வீட்டிலிருந்தபடியே அலுவலகப் பணி செய்வோருக்கு அறிவுரை கூறும் துண்டுத்தாள்கள், சுவரொட்டிகள், நாற்காலி விளம்பரங்கள் ஆகிய எல்லாவற்றிலும் ஒரு படம் தவறாமல் இடம் பெறுகிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஒரு மனிதன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். கணுக்காலில் ஒரு செங்கோணம். முழங்காலில் ஒரு செங்கோணம். இடுப்பிலும் முழங்கையிலும் அவ்வாறே. கண்ணிலிருந்து திரையின் மேல்விளிம்பு வரை கிடைமட்டமாக ஒரு புள்ளிக்கோடு. படத்தின் அடியில் 'சரியாக உட்காரும் முறை' என்று எழுதியிருக்கும். ஜியாமெட்ரிப் பெட்டியிலுள்ள மூலைமட்டத்தைக் கொண்டே மனித உடலையும் வரைந்துவிட்டார்களோ என்று எண்ணத் தோன்றும்.

இக்கட்டுரை அந்தப் படத்தைப் பற்றிய விமரிசனமாகும். ஒரு படத்துக்கு இத்தனை பக்கம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அப்படத்தை நம்பி உட்கார்ந்தவர்களுள் நானும் ஒருத்தி. நம்பியதற்குக் கழுத்தால் விலை கொடுத்தேன் என்பதே விடை.

2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து மடிக்கணினி வழியே வகுப்பெடுக்கத் தொடங்கினேன். சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் என் தம்பியும் ஊருக்கு வந்துவிட்டான். மேசை ஒன்று, ஆட்கள் இருவர். காலையில் அது எனக்கு, பிற்பகலில் அவனுக்கு. ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி ஒன்றில் மேற்சொன்ன படத்தை அனுப்பியிருந்தார்கள். இருவரும் அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்தோம். மூன்றாவது வாரம் எனக்குத் தோளிலிருந்து பிடரி வரை வலி, அவனுக்கு இடுப்பில். "படத்தில் இருக்கிற மாதிரிதானே அக்கா உட்காருகிறோம்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. விடை அந்தத் தாளில் இல்லை.

இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு; ஐயம் வந்தால் அளந்து பார்ப்பார்கள். தையல் நாடாவை எடுத்தோம். எங்கள் மேசையின் உயரம் 76 செ.மீ.; நாற்காலியின் இருக்கை உயரம் 45 செ.மீ. கடையில் கிடைக்கும் மேசைகளும் நாற்காலிகளும் பெரும்பாலும் இதே அளவில்தான் இருக்கின்றன. இனி உடல்களைப் பார்ப்போம். என் உயரம் 154 செ.மீ. பாதம் தரையில் படிந்திருக்க வேண்டுமானால் இருக்கை 39 செ.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. இருக்கையிலிருந்து என் முழங்கை 21 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 60 செ.மீ. ஆகவே படத்தில் உள்ளதுபோல் முழங்கை செங்கோணமாகவும், முன்கை மேசைமீது கிடைமட்டமாகவும் அமைய எனக்குத் தேவை 60 செ.மீ. உயரமுள்ள மேசை. என்னிடம் இருப்பதோ 76. நாற்காலி 45 செ.மீ. என்பதால் முழங்கை 66 வரை ஏறுகிறது. அப்போதும் 10 செ.மீ. குறைகிறது, குதிகாலோ தரையில் படிவதில்லை. அந்த 10 செ.மீ.யை உடல் எங்கிருந்து ஈட்டுகிறது? தோள்களை உயர்த்தி ஈட்டுகிறது. நாள்தோறும் நான்கு மணி நேரம் தோளைத் தூக்கிய வண்ணம் நான் மின்காந்தத் தூண்டலைக் கற்பித்துக் கொண்டிருந்திருக்கிறேன்!

தம்பியின் உயரம் 176 செ.மீ. அவனுக்கு இருக்கை பொருந்துகிறது; முழங்கை 69 செ.மீ.யில் இருக்கிறது, மேசையும் ஓரளவு பொருந்துகிறது. படம் அவனை ஒத்த ஒருவனை வைத்து வரையப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் கண் தரையிலிருந்து 124 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மேசைமீது திறந்து வைத்த மடிக்கணினியின் திரை நடுப்புள்ளி 87 செ.மீ.யில்தான் உள்ளது. கண்ணுக்கும் திரைக்கும் இடைப்பட்ட கிடைத்தொலைவு 55 செ.மீ. என்று கொண்டால், பார்வைக்கோடு கீழ்நோக்கி 34 பாகை சாய்கிறது. இதில் ஒரு பகுதியைக் கண்விழி சமாளிக்கும்; மீதியைக் கழுத்து குனிந்து ஈடு செய்ய வேண்டும். கழுத்து குனியும்போது முதுகும் வளைகிறது. இங்கே படம் ஒரு உண்மையை மறைக்கிறது. படத்திலுள்ள திரையும் விசைப்பலகையும் தனித்தனிப் பொருள்கள். நம் வீடுகளில் இருப்பதோ இரண்டும் கீலால் இணைந்த மடிக்கணினி. திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் விசைப்பலகை மார்புக்கு வந்துவிடும். விசைப்பலகையை முழங்கை மட்டத்தில் வைத்தால் திரை வயிற்றுக்கு இறங்கிவிடும். மடிக்கணினியைக் கொண்டு அப்படத்தில் உள்ளபடி உட்கார எந்த நாற்காலியாலும் இயலாது. இருந்தும் தம்பி, வலி தீருமென்று 16,000 ரூபாய்க்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கினான். அதனால் தீராத வலி, மடிக்கணினியைப் பழைய பாடநூல்களின் மீது ஏற்றிவைத்து, சில நூறு ரூபாய்க்குத் தனி விசைப்பலகை ஒன்றை இணைத்த பிறகு குறையத் தொடங்கியது.

கழுத்து குனிவதால் என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் இதைப் பற்றியும் மிகைப்படுத்திய செய்தி ஒன்று உலவுகிறது. நம் தலையும் கழுத்தும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் 8 பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தலையின் ஈர்ப்பு மையம் கழுத்தின் தாங்குபுள்ளிக்கு நேர்மேலே இல்லை. சற்று முன்னால் இருக்கிறது. பேருந்தில் உறங்குபவரின் தலை பெரும்பாலும் முன்பக்கமாகவே விழுவதைப் பார்த்திருப்பீர்கள். விழித்திருக்கும்போது அது விழாமல் காப்பவை பிடரித் தசைகள்.

இதை ஒரு நெம்புகோலாகக் கருதலாம். கழுத்தின் அடியை ஆதாரப்புள்ளியாகவும், அங்கிருந்து தலையின் ஈர்ப்பு மையம் வரையுள்ள தொலைவை 20 செ.மீ. ஆகவும், தசை இழுக்கும் கோட்டுக்கும் ஆதாரப்புள்ளிக்கும் இடையே 5 செ.மீ. ஆகவும் எடுத்துக்கொள்வோம். தலையின் எடை 50 நியூட்டன். கழுத்து 30 பாகை குனிந்தால் எடையின் திருப்புத்திறன் 50 × 0.20 × சைன் 30, அதாவது 5 நியூட்டன் மீட்டர். இதைச் சமன்செய்யத் தசை 100 நியூட்டன் விசையுடன் இழுக்க வேண்டும். தலையின் எடையைப் போல் இருமடங்கு. 60 பாகை குனிந்தால் தசைவிசை ஏறக்குறைய 173 நியூட்டன். தசையின் இழுப்பையும், எடையில் கழுத்து வழியே செயற்படும் பகுதியையும் கூட்டினால் கழுத்தெலும்பை அழுத்தும் விசை சுமார் 200 நியூட்டன் ஆகிறது. 20 கிலோ எடைக்குச் சமம்.

'குனிந்து கைபேசி பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம்' என்ற செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கீட்டிலிருந்து வந்தது அது. அவர் எவருடைய கழுத்திலும் கருவி பொருத்தி அளக்கவில்லை. நாம் மேலே போட்டதைப் போன்று ஒரு மாதிரியமைப்பைக் கொண்டு கணக்கிட்டார். எடுத்துக்கொள்ளும் நீளங்கள் மாறினால் விடையும் மாறும். அளவின் வரிசை சரி. ஆனால் விளம்பரங்களில் ஒரு சிறுவனின் தலைமீது அரிசி மூட்டையை ஏற்றிக் காட்டுவது சரியன்று. அந்த விசை தலைமேல் வைத்த சுமை அல்ல. தசை இழுப்பதால் உள்ளே தோன்றுவது. அவ்வளவு விசையைச் சிறிது நேரம் தாங்குவது கழுத்துக்கு அரிதான காரியமும் அன்று. இடைவிடாமல் தாங்குவதே தொல்லை. தசை தொடர்ந்து இறுகியிருக்கும்போது அதனுள் அழுத்தம் கூடுகிறது, நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, கழிவுப்பொருள்கள் தேங்குகின்றன. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட, ஒரு செம்பைக் கை நீட்டிப் பிடித்தபடி பத்து நிமிடம் நிற்பது கடினம். செய்து பாருங்கள்.

இனி அந்தச் செங்கோணத்துக்கே வருவோம். இடுப்பில் 90 பாகை என்பது எந்தச் சோதனையிலிருந்து கிடைத்தது? தேடிப் படித்தபோது எனக்கு வியப்பே மிஞ்சியது. ஸ்டாஃபெல் என்ற ஜெர்மானிய எலும்பு மருத்துவர் 1884இல் நிமிர்ந்த இருக்கையை வலியுறுத்தி எழுதினார். அக்காலத்துப் பள்ளிகளின் ஒழுக்கக் கண்ணோட்டத்துக்கு அது மிகவும் பொருந்தியது. நிமிர்ந்து உட்காருபவன் நல்ல மாணவன், சாய்பவன் சோம்பேறி. இந்த எண்ணம் அறிவியலின் போர்வையில் ஒரு நூற்றாண்டைக் கடந்து வந்துவிட்டது என்று டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் மண்டால் 1970களிலும் 1980களிலும் கடுமையாக எழுதினார். அவருடைய முக்கியக் கட்டுரை 1981இல் வெளிவந்தது.

மண்டாலின் வாதத்துக்கு அடிப்படை இதுதான். நிற்கும்போது நம் இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு உட்பக்கமாகச் சற்றுக் குழிந்திருக்கும். ஒரு உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டு மெல்ல உட்காருங்கள். குழி மறைந்து சமமாவதைக் கையே உணர்த்தும். தொடைக்கும் உடலுக்கும் இடையே 90 பாகை வளைவு தோன்றுகிறதல்லவா? அதில் சுமார் 60 பாகையை மட்டுமே இடுப்பு மூட்டு தருகிறது. மீதி 30 பாகைக்கு இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, கீழ்முதுகு தட்டையாகிறது. இது ஷோபர்த் என்பவர் 1962இல் கண்டறிந்து கூறியது. அதற்கும் முன்பே, 1953இல், அமெரிக்க மருத்துவர் கீகன் பல நிலைகளில் முதுகெலும்பை எக்ஸ் கதிர்ப் படமெடுத்து, தொடைக்கும் உடலுக்கும் இடையே சுமார் 135 பாகை இருக்கும்போதே முதுகின் வளைவு இயல்பாக இருக்கிறது என்றார். 1973-74இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் எடையின்றி மிதந்த வீரர்களின் உடல், தசைகளைத் தளரவிட்டபோது தானாக எடுத்துக்கொண்ட கோணமோ சுமார் 128 பாகை. 2006இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரைக் காந்த ஒத்ததிர்வுப் படக் கருவியில் உட்கார வைத்துப் பார்த்தவர்களும் 135 பாகைக்கே ஆதரவு தந்தார்கள். செங்கோணத்துக்கு ஆதரவாக இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் செங்கோணத்தை அழித்துவிட்டு 135 பாகை என்று புதிய படம் வரைந்து ஒட்டிவிடலாமா? அங்கேதான் நான் மண்டாலின் ஆதரவாளர்களிடமிருந்தும் விலகி நிற்கிறேன். மற்றொரு அளவீட்டின் கதையைக் கேளுங்கள். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்றால், சாய்மானமின்றி உட்காரும்போது 140 என்பது அவர் கண்ட விகிதம். 'உட்காருவது முதுகுக்குப் பகை' என்ற கருத்தை இந்த எண்தான் உலகெங்கும் பரப்பியது. 1999இல் ஜெர்மனியில் வில்கேயும் உடன் பணியாற்றியோரும் மேம்பட்ட கருவியைக் கொண்டு மீண்டும் அளந்தார்கள். நிற்கும்போது 0.50 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. தளர்வாக உட்காரும்போது 0.46. நாற்காலியில் சரிந்து சாய்ந்துகொண்டால் 0.3க்கும் கீழே. பள்ளியில் எந்த இருப்புக்குப் பிரம்படி கிடைத்ததோ அந்த இருப்பில்தான் அழுத்தம் மிகக் குறைவு!

ஆனால் அவசரப்பட வேண்டாம். வில்கேயின் சோதனைக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர். ஒருவருடைய ஒரு தட்டிலிருந்து மனித இனத்துக்கே விதி எழுத முடியாது. என் மாணவர்கள் ஊசலின் அலைவு நேரத்தை ஒரே முறை அளந்து ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பை எழுதிக்கொண்டு வந்தால் நான் கையெழுத்திட மாட்டேன். முதுகெலும்பைப் பற்றிய அறிவுரைகள் மட்டும் அந்தக் கண்டிப்பிலிருந்து தப்பித்துக்கொள்கின்றன. தட்டின் அழுத்தம் குறைவதால் வலியும் குறையும் என்பதும் தனியே மெய்ப்பிக்க வேண்டிய ஒன்று.

இவையெல்லாம் சேர்ந்து காட்டுவது ஒன்றைத்தான். படத்தின் குற்றம் அதன் கோணத்தில் இல்லை. அது அசையாத படமாக இருப்பதில் இருக்கிறது. எந்தக் கோணமும் இரண்டு மணி நேரம் நீடித்தால் கெட்ட கோணமாகிவிடும். இதை வல்லுநர்கள் அறியாதவர்கள் அல்லர். அமெரிக்காவில் கணினிப் பணியிடங்களுக்காக 2007இல் வெளிவந்த தரநிர்ணயம், நிமிர்ந்து உட்காருதல், பின்னால் சாய்ந்து உட்காருதல், தொடை முன்னோக்கிச் சரிய உட்காருதல், நிற்றல் என நான்கு நிலைகளை ஏற்றுக்கொண்டது. ஆயினும் துண்டுத்தாள் அச்சிடுவோர் பழைய அச்சுக்கட்டையை விடுவதாக இல்லை. ஒரு படம் போதும். ஒரு நாற்காலியை விற்கவும் அது வசதி. நின்றுகொண்டே வேலை செய்யும் உயர்ந்த மேசைகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. நாள் முழுவதும் நின்று கற்பிக்கும் ஆசிரியர்களின் கால்களைக் கேட்டால், அதுவும் ஒரு நிலைதான், தீர்வு அல்ல என்று தெரிந்துவிடும்.

நம் நாட்டில் இப்படத்துக்கு வேறொரு குறையும் உண்டு. தரையில் உட்கார்ந்து எழுதிய மரபு அதில் இல்லை. மண்டிகளிலும் பழைய வீடுகளிலும் கணக்குப்பிள்ளைகள் பயன்படுத்திய சாய்வுப் பெட்டியைச் சிலர் பார்த்திருக்கலாம். மூடி சரிவாக இருக்கும்; உள்ளே பேரேடும் பேனாவும். சம்மணமிட்டு அமர்ந்து, அந்தச் சரிவின் மீது எழுதுவார்கள். ஏடு கண்ணை நோக்கிச் சாய்ந்திருப்பதால் கழுத்து அதிகம் குனிய வேண்டியதில்லை. மண்டாலும் மாணவர்களுக்குச் சாய்தள மேசையே வேண்டும் என்று வாதாடினார். தாளில் எழுதுவோர் ஒரு பலகையின் அடியில் இரண்டு புத்தகங்களை வைத்துச் சரிவாக்கிக்கொண்டால் பயன் உடனே தெரியும். ஆனால் 'நம் முன்னோர் தரையில் உட்கார்ந்தார்கள், ஆகவே அதுவே சிறந்தது' என்று இப்போது பரவும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. சம்மணமிட்டால் கீழ்முதுகு நாற்காலியில் தட்டையாவதைவிட அதிகமாகவே தட்டையாகிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு அது தண்டனை. பெட்டியின் சரிவை எடுத்துக்கொள்வோம். தரையை அவரவர் முழங்கால் முடிவு செய்யட்டும்.

அடுத்து ஒளி. இதில் துண்டுத்தாள் 'போதிய வெளிச்சம் வேண்டும்' என்று கூறி முடித்துக்கொள்கிறது. போதிய என்றால் எவ்வளவு? எழுத்து வேலைக்கு 300 முதல் 500 லக்ஸ் என்பது வழக்கமாகக் கூறப்படும் அளவு. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று சுமார் 900 லூமென் ஒளி தருகிறது. அது முழுவதும் கீழ்ப்பாதியில் பரவுவதாகக் கொண்டால், மேசைக்கு 2 மீட்டர் மேலேயிருந்து நேராக வந்து சேர்வது 36 லக்ஸ் மட்டுமே. சுவர்கள் வெள்ளையாக இருந்தால் எதிரொளித்துச் சற்றுக் கூட்டித் தரும். அதே விளக்கை மேசையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் தொலைவு நான்கில் ஒரு பங்காகிறது. ஒளி பதினாறு மடங்காகி, 570 லக்ஸைத் தாண்டுகிறது. தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம் என்ற விதியைப் பத்தாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்களும், வெளிச்சம் போதவில்லை என்றால் கூரையில் இன்னொரு விளக்கைத்தான் மாட்டுகிறார்கள். மேசைவிளக்கை வாங்கி, வலக்கையால் எழுதுவோர் இடப்பக்கம் வைப்பதே சிக்கனம்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு; வெளிநாட்டுத் துண்டுத்தாளில் அதைக் காண முடியாது. விளக்கு உயரத்திலும் மின்விசிறி அதற்குக் கீழேயும் இருந்தால், விசிறியின் இறக்கைகள் மேசைமீது நிழலை வெட்டிக்கொண்டே இருக்கும். மூன்று இறக்கைகள் நிமிடத்துக்கு 300 முறை சுழன்றால் நொடிக்கு 15 முறை ஒளி மங்கித் தெளியும். கண்ணும் தலையும் ஏன் நோகின்றன என்று தெரியாமலே நோகும். விளக்கை இறக்கைகளின் மட்டத்துக்குக் கீழே சுவரில் மாற்றினால் போதும்.

ஜன்னலை எங்கே வைத்துக்கொள்வது? முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் அது பிம்பமாக விழும். முன்னால் இருந்தால் வானத்தின் பொலிவு திரையினுடையதைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருப்பதால் கண்பாவை அதற்கேற்பச் சுருங்கிவிடும். திரை மங்கித் தோன்றும். ஜன்னல் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்குமாறு மேசையைத் திருப்பிக்கொள்வதே இரண்டுக்கும் மருந்து. செலவு ஏதுமில்லை. ஆனால் வீடுகளில் மேசை சுவரோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று ஒரு எழுதாச் சட்டம் இருக்கிறது. என் அம்மாவின் சம்மதம் பெற எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இவ்வளவு எளிய வழிகள் இருக்க, நீல ஒளியைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடிகள் விலைபோகின்றன. திரையின் நீல ஒளியே கண் களைப்புக்குக் காரணம் என்பது விற்பவர்களின் கூற்று. பகல் வானத்திலிருந்து நம் கண்ணுக்கு வரும் நீல ஒளியோ திரையிலிருந்து வருவதைவிடப் பன்மடங்கு அதிகம். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2023இல் 17 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, குறுகிய காலப் பயன்பாட்டில் இக்கண்ணாடிகள் சாதாரணக் கண்ணாடிகளைவிடக் களைப்பைக் குறைப்பதற்குச் சான்று காணவில்லை. களைப்புக்கான காரணங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண்ணிமைப்பது குறைகிறது. விழியின் ஈரம் உலர்கிறது. அருகில் பார்க்கக் கண்வில்லையின் திறன் கூட வேண்டும். அதைத் தசையே செய்ய வேண்டும். 50 செ.மீ. தொலைவிலுள்ள திரைக்கு 2 டையாப்டர், 25 செ.மீ.யில் பிடித்த கைபேசிக்கு 4 டையாப்டர்.

இந்த இடத்தில்தான் எனக்கு அப்படத்தின் மீது உண்மையான கோபம் வருகிறது. 2020-21இல் என் வகுப்பிலிருந்த மாணவர்கள் பலருக்கு மேசை, நாற்காலி, மடிக்கணினி எதுவும் கிடையாது. ஆறு அங்குலக் கைபேசியே அவர்களுக்குக் கல்லூரி. அதுவும் சில வீடுகளில் அண்ணனோ தங்கையோ கேட்டால் கொடுத்துவிட வேண்டிய கைபேசி. கட்டிலிலும் திண்ணையிலும் வாசற்படியிலும் அமர்ந்து, மடியில் வைத்த கைபேசியைக் குனிந்து பார்த்து, நான் பலகையில் எழுதிய சமன்பாடுகளைப் படித்தார்கள். அவர்களுக்கு எந்தத் துண்டுத்தாளும் ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருக்கலாம். கைபேசியைக் கையில் பிடிக்காமல், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அரிசி டிரம்மின் மீதோ அலமாரித் தட்டிலோ ஒரு செம்பில் சாய்த்து, 40 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி வைத்தாலே கழுத்தின் வேலையும் கண்ணின் வேலையும் கணிசமாகக் குறையும். எழுத்து சிறிதாகத் தெரியுமே என்பீர்கள். உண்மைதான். அதற்குப் பரிகாரம் ஆசிரியர் கையில் இருக்கிறது. நான் பலகையில் பாதி வரிகளை மட்டும், இருமடங்கு பெரிதாக எழுதக் கற்றுக்கொண்டேன். ஆனால் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருவோசையும் மிக்சி ஓசையும் கேட்கிறதென்று மாணவர்கள் முறையிட்டபோது கதவைச் சாத்திப் பார்த்தேன்; வியர்த்ததுதான் மிச்சம். மடிக்கணினியின் ஒலிவாங்கி வாயிலிருந்து 50 செ.மீ. தொலைவில் இருந்தது. செவிக்கருவியோடு வரும் ஒலிவாங்கியை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தபோது என் குரலின் செறிவு அங்கே நூறு மடங்காயிற்று, மிக்சியினுடையது மாறவில்லை. விளக்குக்குச் சொன்ன அதே விதி.

வீட்டிலிருந்து வேலை என்ற கருத்துக்கு 1973இல் முதன்முதலில் பெயர் சூட்டிய அமெரிக்கர் ஜாக் நில்ஸ் நினைவுக்கு வருகிறார். போக்குவரத்து நெரிசலையும் எரிபொருள் செலவையும் குறைப்பதே அவருடைய நோக்கம். அவர் நடத்திய முதல் சோதனையில் பணியாளர்கள் தங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த சிறு கிளை அலுவலகங்களுக்குச் சென்றார்களே தவிர, வீட்டுக்குள்ளேயே வேலை செய்யவில்லை. அலுவலகத்தை எப்படி நகர்த்துவது என்று பலரும் சிந்தித்திருக்கிறார்கள்; அது வந்து இறங்கும் வீட்டில் எத்தனை பேர், எத்தனை உயரத்தில், எத்தனை மேசைகளோடு இருக்கிறார்கள் என்று பார்த்தவர் குறைவு.

எங்கள் வீட்டில் முடிவாகச் செய்தது இதுதான். மேசையை அறுத்துக் குட்டையாக்கினால் தம்பிக்கு ஆகாது. ஆகவே நான் உயர்ந்தேன். நாற்காலியில் கெட்டியான பஞ்சணையை இட்டு இருக்கையை 54 செ.மீ.க்கு ஏற்றினேன், முழங்கை 75க்கு வந்தது. தரையை இழந்த கால்களுக்கு 15 செ.மீ. உயரம் வேண்டும், இரண்டு செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அடுக்கு இரண்டும், மேலே ஒரு பலகையும் அதைத் தந்தன. மடிக்கணினியின் அடியில் 22 செ.மீ.க்குப் பாடநூல்கள், தனி விசைப்பலகை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காகச் செம்பை வேண்டுமென்றே சமையலறையிலேயே விட்டுவிடுகிறேன். வலி முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தேர்வுத்தாள் திருத்தும் நாட்களில் வந்து போகிறது.

தம்பி இப்போது வாரத்தில் மூன்று நாள் சென்னை அலுவலகத்துக்குப் போகிறான். மீதி நாட்களில் சில சமயம் ஊருக்கு வருவதுண்டு. வந்ததும் முதல் வேலையாகப் பலகையையும் செங்கற்களையும் காலாலேயே சுவரோரம் தள்ளிவிடுகிறான். அவன் பேருந்து ஏறியதும் நான் அவற்றை மறுபடி மேசைக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.